புது சிப்பில் முதல் ஆளா ஏறலாமா?



புதுசா ஒரு சிப் வந்துடுச்சுன்னா, மியூசிக் பண்றவங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரே கேள்விதான் ஓடும். "வாங்கலாம் ப்ரோ, ஆனா என் பிளகின் எல்லாம் இதுல வேலை செய்யுமா?"

2020 நவம்பர்ல ஆப்பிள் எம்1 சிப் போட்ட மேக்புக்கை விட்டப்போ இந்தக் கேள்வி உலகம் முழுக்கக் கேட்டுச்சு. ஆப்பிளோட சொந்த மென்பொருளான லாஜிக் ப்ரோ அதே மாசம் புது சிப்புக்குத் தயாரா வந்தது. ஏபிள்டன் லைவ், எம்1-ல் நேரடியாக ஓடும் பதிப்பை 2022 பிப்ரவரியில்தான் வெளியிட்டது. கிட்டத்தட்ட பதினைந்து மாதம் கழிச்சு. அதுவரைக்கும் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாகத்தான் ஓட்டணும். "என்ன இவ்வளவு லேட்டு?"ன்னு சலிச்சுக்கிட்டவங்களும் உண்டு, "அவசரப்படாம இருந்ததே நல்லது"ன்னு சொன்னவங்களும் உண்டு.

யார் சொன்னது சரி? இசை மென்பொருள் செய்யறவங்க, புத்தம்புது சிப் வந்தா முதல் ஆளா ஏறணுமா? இல்ல, நாலு பேர் ஏறட்டும்னு காத்திருக்கணுமா?

இதுக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோட்ல நாம பாரிஸுக்குப் போறோம். எண்பதுகளின் பாரிஸ். அங்க ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு. பத்தே வருஷத்துல ரெண்டு தடவை, உலகத்துல அப்போ கிடைச்ச ரொம்பப் புதிய வன்பொருள் மேல ஏறினாங்க. ரெண்டு தடவையும் அந்த வன்பொருள் செத்துப்போச்சு. ஆனா ரெண்டு சாவும் ஒரே மாதிரி இல்ல. அந்த வித்தியாசம்தான் இன்னிக்கு விஷயம்.

சராசரிக்கு இங்கே மதிப்பில்லை

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை. மத்த மென்பொருளுக்கும் இசை மென்பொருளுக்கும் என்ன வேறுபாடு?

ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் பண்றீங்க. பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லி பதினொரு நிமிஷம் ஆனா, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். ஆனா நேரடியாக வாசிக்கும்போது கதையே வேற. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள். மென்பொருள் அதை 64, 128 என்று சிறு சிறு கட்டாகப் பிரித்துக் கணக்குப் போடும். 64 சாம்பிள் என்றால் சுமார் 1.45 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் அடுத்த கட்டு தயாராகணும். ஆகலைன்னா ஸ்பீக்கர்ல 'டப்'னு ஒரு சத்தம். மேடையில இருந்தா அது அரங்கம் முழுக்கக் கேட்கும்.

கச்சேரியில மிருதங்கக்காரரைப் பார்த்து, "சராசரியா கரெக்டான நேரத்துல அடிச்சார்"னு யாராவது பாராட்டுவோமா? ஒரு சமத்துல தவறினாலும் தவறினதுதான். இசை மென்பொருளும் அப்படித்தான். ஒரு சிப் சராசரியா எவ்வளவு வேகம்ங்கிறது அதுக்கு ரெண்டாம் பட்சம். ரொம்ப மோசமான ஒரு நொடியில அது எவ்வளவு தாமதிக்கும்ங்கிறதுதான் முக்கியம். ஆனா புது சிப் விளம்பரத்துல வர்றது எல்லாம் உச்ச வேகம் மட்டும்தான். மோசமான நேரத்தைப் பத்தி யாரும் பேனர் வைக்கறதில்ல.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒன்னு இருக்கு. 2000 நவம்பர்ல இன்டெல் பென்டியம் 4 வெளியிட்டது. காகிதத்துல பார்த்தா அசுர வேகம். ஆனா அதுல இசை மென்பொருள் ஓட்டினவங்க ஒரு விசித்திரத்தைப் பார்த்தாங்க. பாட்டு முழுசா ஓடும்போது பிரச்சினை இல்ல. பாட்டு நின்ன பிறகு, எல்லாம் அமைதியான பிறகு, சிபியூ மீட்டர் எகிறுது! சத்தமே இல்லாதப்போ என்ன வேலை செய்யுது அது?

காரணம் இதுதான். ரிவர்ப் போன்ற எஃபெக்ட்ல ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போகும். போகிற வழியில் எண்கள் மிக மிக நுண்ணியதாக ஆகும். இந்த நுண்ணிய எண்களுக்கு 'டீநார்மல்' என்று பெயர். காதுக்கு அது மௌனம். சிப்புக்கோ அது கடினமான கணக்கு. பென்டியம் 4 அந்த எண்களைச் சாதாரண எண்களைவிடப் பல மடங்கு மெதுவாகக் கணக்கிட்டது. பிளகின் எழுதினவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? எண்கள் அவ்வளவு சின்னதாகாமல் இருக்க, காதுக்குக் கேட்காத அளவு துளியூண்டு இரைச்சலைத் தாங்களே கலந்துவிட்டாங்க. புது சிப்புக்கு மௌனத்தைத் தாங்க முடியலன்னு, மௌனத்துக்குள்ள இரைச்சலைப் போட்டாங்க.

சரி, இப்போ பாரிஸ் போகலாம்.

தரைக்கு அடியில் ஒரு பட்டறை

1970-ல் பிரான்ஸின் குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் பொம்பிதூ, பியர் பூலேஸ் என்ற இசையமைப்பாளரை அழைத்து, இசைக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒரு ஆராய்ச்சி மையம் அமைக்கச் சொன்னார். அப்படி உருவானதுதான் இர்காம். 1977-ல் பொம்பிதூ மையத்துக்குப் பக்கத்தில், பெரும்பகுதி தரைக்கு அடியில் இருக்கும்படி கட்டித் திறந்தார்கள்.

பூலேஸோட ஆசை எளிமையா சொன்னா இதுதான். மேடையில் மனிதர்கள் வாசிக்கும்போதே கணினி அந்த ஒலியை வாங்கி, மாற்றி, அரங்கம் முழுக்கச் சுழற்றி விடணும். முன்கூட்டியே பதிவு செய்த டேப்பை ஓடவிட்டு அதுக்குப் பின்னாடி மனுஷன் ஓடக் கூடாது. வாசிக்கிறவர் மூச்சு வாங்கினா கணினியும் காத்திருக்கணும்.

அந்தக் காலத்துக் கணினிகளால் இது முடியாத காரியம். அதனால இத்தாலிய இயற்பியலாளர் ஜூசெப்பே தி ஜூன்யோ, இதுக்காகவே தனியாக ஒரு யந்திரத் தொடரை வடிவமைத்தார். அதன் உச்சம்தான் 4எக்ஸ். பொதுவான கணினி இல்லை அது. ஒலியைக் கணக்கிடுவதற்காகவே கம்பிக்குக் கம்பி, பலகைக்குப் பலகை கட்டிய யந்திரம்.

1981-ல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் விழாவில் பூலேஸின் 'ரெபோன்' அரங்கேறியது. பெயருக்கு அர்த்தமே 'பதில்'. நடுவில் 24 பேர் கொண்ட வாத்தியக் குழு. அவங்களைச் சுத்தி பார்வையாளர்கள். பார்வையாளர்களையும் சுத்தி ஆறு தனிக் கலைஞர்கள். அந்த ஆறு பேர் வாசிக்கிறதை 4எக்ஸ் வாங்கி மாற்றித் திருப்பி அனுப்பும். 1986-ல் அந்த யந்திரத்தையும் தூக்கிக்கிட்டு அமெரிக்காவுக்கே போய் வாசிச்சாங்க.

இதுதான் முதல் பாய்ச்சல். கலையாகப் பார்த்தா மகத்தான வெற்றி. ஆனா ஒரு சிக்கல். அந்த இசையோட ஒரு பாதி காகிதத்துல இருக்கு. இன்னொரு பாதி 4எக்ஸ்ங்கிற யந்திரத்துக்குள்ள இருக்கு. வயலின் உடைஞ்சா இன்னொரு வயலின் வாங்கலாம். 4எக்ஸ் உடைஞ்சா? உலகத்துல மொத்தமே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது அது. அதுக்கான நிரல் வேறெந்தக் கணினியிலும் ஓடாது.

ஒரு பியானோ, ஒரு சின்ன மேக்

எண்பதுகளின் நடுவில் இர்காமுக்கு ஒரு இளம் அமெரிக்கர் வந்தார். மில்லர் பக்கெட். ஹார்வர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினவர். அவருக்குக் கிடைச்ச வேலை, 4எக்ஸை இசையமைப்பாளர்கள் புரிஞ்சு பயன்படுத்துற மாதிரி செய்யறது.

அவர் ஒரு ஆப்பிள் மேக்கின்டோஷை எடுத்தார். அது ஒலியை உருவாக்கவே இல்லை. அவ்வளவு சக்தி அதுக்குக் கிடையாது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டிகளை இணைக்கும் கோடுகள். 'இந்த ஸ்வரம் வந்தா இதைச் செய்' என்பதை எழுதாமல் வரைந்தே சொல்லலாம். அந்த மேக், மிடி கம்பி வழியாக 4எக்ஸுக்குக் கட்டளை அனுப்பும். மேக் சொல்லும், 4எக்ஸ் செய்யும்.

இந்த மென்பொருளுக்குப் பிறகு வந்த பெயர் மேக்ஸ். கணினி இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூஸுக்கு மரியாதையாக வைத்தது. 1988-ல் பிலிப் மனூரி பியானோவுக்கும் 4எக்ஸுக்குமாக 'ப்ளூட்டோன்' என்ற படைப்பை எழுதியபோது, பியானோவுக்கும் அந்தப் பெரிய யந்திரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தியது இந்தப் பெட்டியும் கோடும்தான்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த எபிசோடோட திருப்புமுனை இதுதான். யாரும் பெரிசா திட்டமிடாமலே, இசையோட 'என்ன செய்யணும்' என்ற பகுதி, 'எதை வைத்துச் செய்யணும்' என்ற பகுதியிலிருந்து பிரிஞ்சுடுச்சு. ஒன்று மேக்கில். மற்றது 4எக்ஸில். பின்னால பெரிய கையிருப்பா மாறப்போகிற பிரிவு இது.

சிப்புக்குள் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

1989-ல் இன்டெல் ஒரு புது சிப் அறிவித்தது. பெயர் ஐ860. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். அந்தக் காலத்துல சூப்பர் கம்ப்யூட்டர்னா க்ரேதான். 'இது ஒரு சிப்புக்குள்ள அடங்கிய க்ரே'ன்னே அதை விளம்பரப்படுத்தினாங்க. 40 மெகாஹெர்ட்ஸ் சிப், உச்சத்துல விநாடிக்கு 8 கோடி தசமக் கணக்கு. அன்னைக்கு அது நினைச்சுப் பார்க்க முடியாத வேகம்.

இன்னொரு பக்கம், ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தை நடத்திக்கிட்டிருந்தார். 1988 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் டேவிஸ் சிம்பொனி ஹாலில் நெக்ஸ்ட் கணினியை அறிமுகம் செஞ்சப்போ, ஒரு வயலின் கலைஞரும் அந்தக் கணினியும் சேர்ந்து பாக் வாசிச்சாங்க. ஒலிக்கென்றே தனியாக ஒரு மோட்டரோலா சிப் அதுக்குள்ள இருந்தது. இசைக்காரங்க மனசு அதன் மேல போகாம இருக்குமா?

இர்காம் ரெண்டையும் சேர்த்தது. எரிக் லிண்டேமான் தலைமையில் ஒரு குழு, நெக்ஸ்ட் கணினிக்குள் செருகும் அட்டை ஒன்றை வடிவமைத்தது. ஒவ்வொரு அட்டையிலும் ரெண்டு ஐ860 சிப். இந்த ஏற்பாட்டுக்கு ஐஎஸ்பிடபிள்யூ என்று பெயர். தனி அறை கேட்ட 4எக்ஸுக்குப் பதிலா இப்போ மேஜைமேல் நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கெட் இதுக்காக எஃப்டிஎஸ் என்ற நிரலை எழுதினார். 'ஒலியைவிட வேகம்' என்பதன் சுருக்கம் அது.

புது சிப்பில் முதல் ஆளா ஏறினா என்ன நடக்கும்னு இங்க நல்லாத் தெரிஞ்சுது. ஐ860-ன் உச்ச வேகம் கிடைக்கணும்னா கட்டளைகளை ரொம்ப நுணுக்கமான வரிசையில அடுக்கணும். அன்றைய கம்பைலர்களுக்கு அது கைவரலை. அவை எழுதித் தந்த நிரலில், விளம்பரத்தில் சொன்னதில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. அதைவிட மோசமான விஷயம் இன்னொன்னு. ஒரு வேலையை நிறுத்திட்டு இன்னொரு வேலைக்கு மாறணும்னா, மோசமான நேரத்துல அந்தச் சிப் 2,000 சுழற்சி வரைக்கும் எடுத்துக்கும். 40 மெகாஹெர்ட்ஸில் அது 50 மைக்ரோ விநாடி. ஒரு சாம்பிளுக்கான நேரமே 22.7 மைக்ரோ விநாடிதான். வேலை மாத்தறதுக்குள்ள ரெண்டு சாம்பிள் போயிடும்!

மைக்ரோசாஃப்ட்கூட விண்டோஸ் என்டியை முதல்ல இந்த ஐ860-க்காகத்தான் எழுத ஆரம்பிச்சது. பாதி வழியில இறங்கி வேற சிப்புக்குப் போயிடுச்சு. இர்காம் இறங்கல. அந்தச் சிப்புக்காகவே ஒரு சின்ன இயக்க முறைமையை எழுதினாங்க. அதன் மேல எஃப்டிஎஸ்ஸை ஓட்டினாங்க. ஒலி தடையில்லாம வந்தது. பெட்டி, கோடு, ஒலி எல்லாம் முதல் முறையா ஒரே கணினியில.

அப்புறம்? 1993 பிப்ரவரியில நெக்ஸ்ட், இனி கணினி தயாரிக்கப்போவதில்லை, மென்பொருள் மட்டும்தான்னு அறிவிச்சது. மொத்தமா விற்றது ஏறக்குறைய 50,000 கணினிதான். தொண்ணூறுகளின் நடுவில் இன்டெல்லும் ஐ860-ஐக் கைவிட்டது. ஏறின வண்டி, ஓட்டுநர் ரெண்டு பேருமே போய்ட்டாங்க.

இறங்குவதற்கு ஒரு படி

இந்த இடத்துல கதை சோகமா முடியணும். முடியல.

ஏன்னா எஃப்டிஎஸ்ஸின் பெரும்பகுதி சி மொழியில எழுதினது. ஐ860 ஒரு வினோதமான சிப்தான். ஆனா அடிப்படையில் அது பொதுவான செயலி. அதுக்குத் தெரிஞ்ச கணக்கு மத்த செயலிகளுக்கும் தெரியும். மெதுவா செய்யும், அவ்வளவுதான். அந்த மெதுவையும் காலமே சரி செஞ்சுடுச்சு. ஐந்து வருஷத்துல சாதாரணக் கணினிகளே ஐ860-ன் வேகத்தைத் தாண்டிப் போயிடுச்சு.

பக்கெட் 1994-ல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1996-ல் ப்யூர் டேட்டா என்ற மென்பொருளை வெளியிட்டார். அதே பெட்டி, அதே கோடு. ஆனா எந்தத் தனி அட்டையும் வேண்டாம். இன்னிக்கு வரைக்கும் அது இலவசம், நிரலும் திறந்தே கிடக்கு. இன்னிக்கும் அது ஒலியை 64 சாம்பிள் கட்டாகத்தான் கணக்குப் போடுது.

1997-ல் டேவிட் ஸிக்காரெல்லி, பக்கெட்டின் அந்த ஒலிப் பகுதியை அடிப்படையாக வைத்து மேக்ஸுக்கு எம்எஸ்பி என்ற சேர்க்கையை உருவாக்கினார். பவர்பிசி சிப் உள்ள மேக் இருந்தா போதும், வேற எதுவும் வேண்டாம். பெர்லின்ல மோனோலேக் என்ற பெயரில் இசை செய்த ராபர்ட் ஹென்கேயும் கெர்ஹார்ட் பெலெஸும் மேக்ஸில் தங்களுக்கான கருவிகளைக் கட்டிக்கிட்டவங்க. அவங்க கை பட்டு 2001-ல் வந்ததுதான் ஏபிள்டன் லைவ். 2009-ல் 'மேக்ஸ் ஃபார் லைவ்' வந்தது. 2017-ல் மேக்ஸ் நிறுவனத்தையே ஏபிள்டன் வாங்கிடுச்சு. உங்க லேப்டாப்ல லைவ் சூட் இருந்தா, ப்ளூட்டோனுக்காக வரைஞ்ச அந்தப் பெட்டியோட வாரிசு உங்க கிட்டயே இருக்கு.

ப்ளூட்டோன் என்ன ஆச்சு? அதோட பெட்டிப் படத்தை 4எக்ஸிலிருந்து ஐஎஸ்பிடபிள்யூவுக்கு, பிறகு சாதாரணக் கணினிக்கு என்று ஒவ்வொரு முறையும் மாத்தினாங்க. பக்கெட் ப்யூர் டேட்டாவிலும் அதை அமைத்து வைத்திருக்கிறார். ரெபோனுக்கும் இந்த மாற்றம் நடந்தது. இன்று அதை மேக்ஸில் ஓட்டி வாசிக்கிறார்கள். ஆனா இந்த ரெண்டு மாற்றத்திலும் பெரிய உழைப்பு இருக்கு. இர்காமில் இதுக்கென்றே இசையமைப்பாளர் பக்கத்தில் உட்காரும் கணினி இசை வடிவமைப்பாளர்கள் இருக்காங்க. பழைய யந்திரத்தில் ஒரு வடிகட்டி எப்படி ஒலிச்சதுன்னு காதால கேட்டு, புதுசுல அதே மாதிரி கொண்டு வரணும். பூலேஸ் மாதிரி ஒருத்தர், இர்காம் மாதிரி ஒரு நிறுவனம் பின்னாடி இருந்ததால அது நடந்தது. அந்தக் காலத்துல ஏதோ ஒரு யந்திரத்தை நம்பி எழுதின, பெயர் தெரியாத எத்தனை பேரோட படைப்புக்கு அப்படி ஆள் கிடைச்சிருக்கும்? காகிதத்துல பியானோ பகுதி மட்டும் இருக்கும். மறுபாதி இருக்காது.

மெதுவாப் போனவங்க கதை

"அப்போ காத்திருந்தவங்க ஜெயிச்சாங்களா?"ன்னு கேட்பீங்க. சில பேர், ஆமா.

1985-ல் வந்த அட்டாரி எஸ்டியை எடுத்துக்கோங்க. அதுக்குள்ள இருந்த மோட்டரோலா 68000, அப்பவே ஆறு வருஷப் பழசு. ஆனா கணினியிலயே மிடி துளைகள் இருந்தது, விலையும் குறைவு. 1989-ல் ஸ்டெயின்பெர்க்கின் க்யூபேஸ் முதல்ல வந்தது இந்தக் கணினிக்குத்தான். ஒலியை வாத்தியங்களே பார்த்துக்கும். கணினி மிடி கட்டளை மட்டும் அனுப்பினா போதும். அதுக்கு அந்தப் பழைய சிப் தாராளம். 1998-ல் வந்த ஆல்பத்துக்குக்கூட ஃபேட்பாய் ஸ்லிம் அட்டாரியைத்தான் பயன்படுத்தினார்.

அதே ஸ்டெயின்பெர்க் 1996-ல் க்யூபேஸ் விஎஸ்டி மூலமாக, எந்தத் தனி அட்டையும் இல்லாமல் பவர் மேக்கிலேயே எஃபெக்ட் போடலாம் என்று காட்டியது. பவர் மேக் வந்தது 1994 மார்ச்சில். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான், மக்கள் கையில அந்தக் கணினி சேர்ந்த பிறகுதான் ஏறினாங்க. அப்பவும் எல்லாருக்கும் முன்னாடிதான்!

64-பிட்டுக்கும் இதே கதை. சோனார் என்ற மென்பொருள் 2005-லேயே 64-பிட்டுக்குப் போயிடுச்சு. ப்ரோ டூல்ஸ் 2013-ல் 11-வது பதிப்பில்தான் போனது. எட்டு வருஷ வித்தியாசம். அதனால பெரிய ஸ்டூடியோக்கள் ப்ரோ டூல்ஸை விட்டுட்டாங்களா? இல்லை. ஆனா அந்தத் தாமதத்துக்கும் ஒரு பில் வந்தது. 11-வது பதிப்பில் பழைய டிடிஎம் பிளகின் எதுவும் ஓடாது. பல வருஷமா காசு போட்டு வாங்கின டிஎஸ்பி அட்டைகளையும் பிளகின்களையும் ஸ்டூடியோக்கள் ஓரம் கட்டவேண்டி வந்தது. காத்திருக்கிறது இலவசம் இல்ல மக்களே. ஏறும்போது கட்ட வேண்டியதை இறங்கும்போது கட்டறோம்.

அப்போ நான் என்ன சொல்றேன்?

'சீக்கிரமா, தாமதமா' என்ற கேள்வியை வச்சுப் பார்த்தா வரலாறு ரெண்டு பக்கமும் சாட்சி சொல்லுது. அதனால நான் கேக்கற கேள்வி வேற: இறங்க வழி வச்சுக்கிட்டு ஏறினாங்களா?

4எக்ஸில் யந்திரமே வாத்தியம். யந்திரம் போனா வாத்தியமும் போச்சு. ஐஎஸ்பிடபிள்யூவில் யந்திரம் ஒரு வாடகை வீடு மாதிரி. வீட்டை இடிச்சாலும் சாமானைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ரெண்டுமே முதல் ஆளா எடுத்து வச்ச அடிகள்தான். ரெண்டாவது அடியில படி இருந்தது.

இன்னொன்னையும் சொல்லணும். ஐஎஸ்பிடபிள்யூ வீண் இல்ல. சாதாரணச் செயலியில நேரடி ஒலி சாத்தியம்னு செஞ்சு காட்டினது அதுதான். அந்த ஐந்து வருஷ அவஸ்தை இல்லாம 1996-ல் ப்யூர் டேட்டா அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன். யாரோ ஒருத்தர் முன்னாடி போய்ப் பார்க்கத்தான் வேணும். ஆனா அப்படிப் போறவர், ஆராய்ச்சி மையமா இருக்கணும். இல்ல, தன் செலவுல சோதிக்கிற நிறுவனமா இருக்கணும். நாளைக்கு மேடை ஏறப்போற கலைஞர் அந்தச் சோதனை எலியா இருக்கக் கூடாது.

அதனால மென்பொருள் செய்யறவங்களுக்கு என் பதில் இது. புது சிப் வந்த அன்னைக்கே வாங்குங்க. உங்க பட்டறையில வச்சு அலசுங்க. ஆனா ரெண்டு விஷயத்தைச் சரி பார்க்காம எங்க கையில கொடுக்காதீங்க. ஒன்னு, அதோட மோசமான நேரம் என்ன? எம்1-ஐயே பாருங்க. அதுல வேகமான கோர், சிக்கனமான கோர்னு ரெண்டு வகை. ஒலிக் கணக்கு தப்பான கோர்ல போய் உட்கார்ந்தா நேரம் தவறும். அதைச் சமாளிக்க ஆப்பிளே தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. சிப் வேகமா இருந்ததால பிரச்சினை தானா தீரல. ரெண்டாவது, நான் இன்னிக்குச் சேமிக்கிற ப்ராஜெக்ட் பழைய கணினியிலும் திறக்குமா? திறக்கும்னா, தைரியமா விடுங்க.

ஏபிள்டனின் பதினைந்து மாதத்தை இப்படிப் பார்த்தா எனக்குக் கோபம் வரல. லைவ் தனியா ஓடற மென்பொருள் இல்லை. எம்1-க்கு நேரடியாக மாறின லைவ், பழைய இன்டெல் பிளகின்களை ஏத்துக்காது. பிளகின் செய்யற ஒவ்வொரு சின்னக் கம்பெனியும் தன் வேலையை முடிக்கணும். ரயில் எஞ்சின் மட்டும் புதுசானா போதாது, பெட்டி எல்லாம் மாட்டணும்ல? அதுவரைக்கும் ரொசெட்டா வழியா பழைய பாட்டு எல்லாம் திறந்தது. அதுதான் முக்கியம்.

கடைசியா உங்களுக்கு. இந்தச் சண்டையில நிறுவனங்கள் என்ன முடிவெடுத்தாலும், உங்க பாட்டுக்குப் படி வைக்க வேண்டியது நீங்கதான். உங்களுக்குன்னு ஒரு இர்காம் கிடையாது. இந்த வாரக் கடைசியில பழைய ப்ராஜெக்ட் ஒன்னைத் திறங்க. ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்டோட ஒரு தடவை, எஃபெக்ட் இல்லாம ஒரு தடவை, வேவ் ஃபைலா எடுத்து வையுங்க. மிடியைத் தனியா சேமிங்க. டெம்போ என்ன, எந்தப் பிளகின், அதுல என்ன செட்டிங்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வையுங்க. மிடி வந்தது 1983-ல், வேவ் வந்தது 1991-ல். அதுக்கப்புறம் எத்தனையோ சிப் வந்து போயிடுச்சு. ரெண்டும் இன்னும் திறக்குது.

திறக்காம போன பழைய ப்ராஜெக்ட் உங்க கிட்ட இருந்தா, அதுல என்ன பாட்டு இருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.